கோழி தின்ற வீடு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்கள் கொட்டகை மேல் கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கில், தகரம், ஆணி எல்லாம் அங்கேதான் போயின. எங்களைப் போன்றவர்கள் ஒரு முழம் கம்பி கேட்டால்கூடக் கடைக்காரர் சிரிப்பார். நான் பருத்திப்பட்டில் ஏரியை ஒட்டிய ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

மாமனாருக்கு மல்லித் தோட்டம். விடியுமுன்னே மொட்டுப் பறித்து, ஈரத்துணியில் கட்டி, என் கணவர் கையில் கொடுத்துவிடுவார். அவர் ரயில் பட்டறை வேலைக்குப் போகிற வழியில் பூக்காரரிடம் சேர்த்துவிட்டுப் போவார். மாமனார் செடிகளோடு பேசுவதில் கால் பங்குகூட மனிதர்களோடு பேசமாட்டார். அதற்கும் சேர்த்து மாமியார் பேசிவிடுவார். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நானும் கேட்டுக்கொண்டு போய்விடுவேன்.

அந்தச் சித்திரையில் என் அம்மா இறந்துபோனாள். ஆடி கழிந்ததும் செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா, அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் கிளம்பினார். அம்மாவின் நகையில் உனக்கு எது வேண்டும் என்று கேட்டார். "அம்மா வளத்ததுங்கள அனுப்பிடு நைனா, அது போதும்" என்றேன்.

ஆவணியில் ஒரு நாள் மாட்டுவண்டி வந்து வாசலில் நின்றது. கூடை கூடையாக நாட்டுக்கோழிகள், காலைக் கட்டிப் போட்ட வாத்துகள், ஒரு ஜோடி கினிக்கோழி. எல்லாவற்றுக்கும் மேலே ராஜா மாதிரி ஒரு வான்கோழிச் சேவலும் அதன் பெட்டையும். வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல் வேலை பார்த்த என் பெரியப்பா அம்மாவுக்குக் கொடுத்த ஜோடி அது. சேவல் வண்டியை விட்டு இறங்கியதும் வாலை விசிறியாக விரித்து, மாமியார் முகத்துக்கு நேராக ஒரு கத்துக் கத்தியது.

"இன்னாடி இது, சம்பந்தி ஊட்டு சீரா?" என்று கேட்டார் மாமியார்.

புது இடம் என்று எல்லாம் மிரண்டு மூலைக்கொன்றாக ஓடின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா கூப்பிடுவது போல "பா... பா... பா..." என்று இழுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான். வேலி ஓரத்திலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தன. என் தொண்டையில் அம்மா இருந்தாளோ என்னவோ! அன்று முதல் அவற்றைக் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவும் பக்கத்தில் எங்கேயோ நிற்பது போலவே இருக்கும்.

ஆனால் சீர் வந்தால் சும்மா வருமா? கோழிகள் மல்லிப் பாத்தியில் இறங்கி வேரைக் கிளறின. வாத்துகள் மாட்டுத் தொட்டித் தண்ணீரைக் குழப்பிச் சேறாக்கின. கினிக்கோழிகள் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு, தெருவில் யார் போனாலும் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டின. கீரிப்பிள்ளை வேறு வந்து ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

ஒரு காலையில் மாமனார், வேர் வெளியே தெரிந்த மல்லிச் செடியைக் கையில் பிடித்தபடி வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஐப்பசி மழைக்குள்ள இதுங்களுக்கு ஒரு ஊடு, சுத்தி ஒரு வேலி. இல்லாங்காட்டி யாவாரிய வரச் சொல்லிக்கீறேன், புடிச்சுக் குடுத்துடும்மா."

தலையை ஆட்டினேன். உள்ளே போய் அழுதேன். அம்மாவை இன்னொரு தடவை வழியனுப்பச் சொன்ன மாதிரி இருந்தது.

வீடு கட்டக் கழி இல்லை, தகரம் இல்லை, ஆள் இல்லை. ஆசைக்கு மட்டும் பஞ்சமில்லை. மத்தியான வேலை முடிந்ததும் புறக்கடைப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏரியின் வெளிச்சம் மரத்து இலைகளில் வந்து ஆடும். மல்லி வாசனையும் சேற்று வாசனையும் கலந்து கண்ணைச் செருகச் செய்யும். அந்த அரைத் தூக்கத்தில் வீடு தானாக எழும்பும்.

கோழிகளுக்கு நாலு பக்கமும் சுவர் வைத்த அறை, கீரி நுழைய முடியாதபடி. உள்ளே குறுக்குக் கழிகள், முட்டையிட இருட்டான மூலை. வாத்துக்கு ஏறத் தெரியாது, அதற்குத் தரையிலேயே வைக்கோல் போட்ட கொட்டில். எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு ஓடும் என்பதால் அகலமான வாசல். கோழி மிதித்த மண்ணில் வான்கோழிக் குஞ்சு தேறாது என்பாள் அம்மா, அதனால் அந்த ஜோடி தள்ளி ஒரு மூலையில். கினிக்கோழிக்கு முருங்கை மரமே மாளிகை, அதை யார் இறக்க முடியும்? மேய்வதற்கு இரண்டு வேலியடைப்பு. ஒன்றில் மேயும்போது மற்றொன்றில் புல் வளரட்டும்.

கண் விழித்தால் வெறும் தரை இருக்கும். ஒரு நாள் அது பொறுக்கவில்லை. வாசல் கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவை எடுத்து வந்து, கண்ணில் கண்டதை அப்படியே புறக்கடையில் போட்டுவிட்டேன். சுவருக்குக் கோடு, கழிக்குக் கோடு, வாசலுக்கு இடைவெளி. மூலைகள் என் கையறியாமலே கோலம் மாதிரி வளைந்து வந்தன. பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு.

இடுப்பை நிமிர்த்தித் திரும்புவதற்குள் வீட்டைக் காணோம்! யாருக்காகப் போட்டேனோ, அவையே வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. சேவல் வாசற்படியைத் தின்றுகொண்டிருந்தது.

மாமியார் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தார். "கல்யாணம் பண்ணிப் பாரு, ஊட்டக் கட்டிப் பாருன்னுவாங்க. நீ இன்னாடான்னா ஊட்டக் கட்டித் துன்னக் குடுக்கிறே. அரிசியே கெடைக்காத காலத்துல!"

மறுநாள் புத்திசாலித்தனமாக அடுப்புச் சாம்பலால் போட்டேன். சாம்பலைக் கண்ட கோழி சும்மா இருக்குமா? ஒவ்வொரு சுவரிலும் ஒரு கோழி படுத்துப் புரண்டு, இறகை உதறி, சுகமாகக் குளித்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த காலை கிணற்று மேடையில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் நிறையச் சுண்ணாம்புப் பொடி. மாமியார் திட்டிவிட்டு இரங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பைக் கோழி சீண்டவில்லை. முதல் தடவையாக என் வீடு ஒரு பகல் முழுக்கத் தரையில் நின்றது.

ஆனால் விடிந்து பார்த்தால் வீடு நகர்ந்திருந்தது. ஏரிப் பக்கம் நான் போட்டிருந்த வாத்துக் கொட்டிலை யாரோ கால் தேய்த்து அழித்து, மேட்டுப் பக்கம் புதிதாகப் போட்டிருந்தார்கள். என் கோடுகள் வளையும். இந்தக் கோடு பாத்தி வெட்டின மாதிரி நேராக ஓடியது. மாமியாரிடம் கேட்டேன்.

"நானா? எனக்கு வேற வேல இல்ல பாரு!" என்று சீறினார்.

அந்த வாரமே ஐப்பசியை முந்திக்கொண்டு ஒரு மழை கொட்டியது. நான் அந்த ஊரைக் கோடையில் பார்த்தவள். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் எதுவரை ஏறும் என்று எனக்கென்ன தெரியும்? மழை வெறித்த பிறகு போய்ப் பார்த்தேன். நான் முதலில் கொட்டில் போட்ட இடம் குட்டையாகியிருந்தது. தண்ணீர் அந்த நேர்க்கோடு இருந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து, மரியாதையாக நின்றிருந்தது. கரைந்துபோன கோடுகளைத் திரும்பப் போட்டேன். இந்த முறை வாத்துகளை மேட்டில் வைத்தேன்.

பிறகு விசித்திரமாக ஒன்று நடக்க ஆரம்பித்தது. மாமியார் கிணற்றடிக்கு நேரே போகாமல், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே கோழி வீட்டு மூலையைச் சுற்றிப் போனார். என் கணவர் வேலை விட்டு வந்து கால் கழுவப் போகும்போது வேலியை ஒட்டி நடந்தார். காலைப் பனியில் பார்த்தால் எனக்கே அது கோடா சுவரா என்று சந்தேகம் வரும். மாமனார் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

கடைசியில் வியாபாரி வந்தேவிட்டார். பெரிய கூடைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பியதுமே கினிக்கோழிகள் கத்தித் தீர்த்தன. அம்மாவின் கையிலேயே வளர்ந்த கிழட்டுக் கருங்கோழியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு புங்க மரத்தடியில் நின்றேன். "பா... பா..." என்று கூப்பிட்டால் எல்லாம் நம்பி வந்துவிடும். என்னைக் கூப்பிடச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மாமனார் தோட்டத்திலிருந்து வந்தார். வியாபாரி புறக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வான்கோழியைக் குறி வைத்துக் குறுக்கே நடந்தார்.

"யோவ்! இன்னாபா அங்க மிதிக்கிறே?" மாமனார் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. "செவுரு கீறது கண்ணு தெரியல? வாசல் அந்தாண்ட கீது, சுத்தி வா!"

வியாபாரி ஒற்றைக் காலில் நின்றார். "செவுரா? வெறும் கோடுதானே அண்ணாத்தே கீது?"

"இப்போ கோடு. தை வந்தா செவுரு."

சொல்லிவிட்டு மாமனார் நடந்தார். வேலியடைப்பை ஒட்டி, வாத்துக் கொட்டிலைச் சுற்றி, கோழி வீட்டுக்கு நான் விட்டிருந்த இடைவெளியின் முன்னால் வந்து நின்றார். அங்கே தலைக்கு மேல் ஆகாயம்தான் இருந்தது. அவர் குனிந்தார். ஊரில் எவருக்கும் வளையாத அந்த முதுகு, இல்லாத நிலைப்படியில் தலை இடிக்காமல் நன்றாக வளைந்தது. உள்ளே போய்க் குனிந்தபடியே சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒரு ஆளு நிக்கவே எடம் பத்தல? நீ எப்டி உள்ள பூந்து முட்ட எடுப்பே? ஒரு முழம் ஒசத்து."

"சரி மாமா" என்றேன். வெளியே வந்தவர் கையைத் துண்டில் துடைத்தபோதுதான் பார்த்தேன். வெற்றிலை போடுகிறவர் விரல் நுனியில் சுண்ணாம்பு இருப்பது அதிசயமில்லை. அவருக்கு ஐந்து விரலிலும் இருந்தது. ஆண்பிள்ளை கோலம் போடுகிறானே என்று யாராவது சிரித்துவிடக் கூடாதென்று, தினமும் பூப் பறிக்கப் போகும் முன் விடியற்கால மங்கிய வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறார்!

வியாபாரி காலிக் கூடைகளோடு, எங்கள் குடும்பத்துக்கே பித்துப் பிடித்துவிட்டது என்ற முகத்தோடு போனார். போகும்போது அவரும் கோட்டைச் சுற்றித்தான் போனார்.

மழைக்காலம் முழுக்கப் பறவைகள் வண்டிக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டன. தையில் மாமனாரும் என் கணவருமாக ஏரி மண்ணைக் குழைத்து, பனங்கழியும் பனையோலையும் வைத்து, கோட்டின் மேலேயே சுவரை எழுப்பினார்கள். மிலிட்டரிக்காரர்களின் தகரம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு முழம் உயர்த்தியும் மாமனார் குனிந்துதான் உள்ளே போவார், அது பழக்கமாகிவிட்டது. மல்லிப் பாத்திக்கு மட்டும் தனியாக ஒரு வேலி போட்டுக்கொண்டார்.

அந்த வீடும் இல்லை, அதைக் கட்டியவர்களும் இல்லை. இன்றைக்கும் தெருவில் கோலத்தைக் கண்டால் மிதிக்காமல் சுற்றித்தான் போகிறேன், பேத்திகள் கேலி செய்கிறார்கள். தாலி கட்டிய நாளில் நான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள்; எனக்கென்னவோ, வெறும் சுண்ணாம்புக் கோட்டின் முன்னால் என் மாமனார் தலை குனிந்து நுழைந்தாரே, அன்றைக்குத்தான் நானும் என் அம்மாவும் அந்த வீட்டுக்குள் சேர்ந்து குடி புகுந்தோம் என்று தோன்றுகிறது.