தும்பிக்குள் போன கை

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியின் துவர்ப்பு வாசம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. முந்நூறு பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி, சொந்தச் சாயப்பட்டறை, மூன்று மாடி வீடு, எல்லாம் அஞ்சாவது தாண்டாத நான் ஒருத்தன் கட்டியது. பேங்க்காரர் வாசலோடு திருப்பி அனுப்பிய ஆள் நான். போன வாரம் என் மருமகள் கம்பெனி வெப்சைட்டுக்கு எங்கள் வரலாற்றை எழுதி வாசித்தாள். "விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்" என்று ஆரம்பித்தது.

எங்களுக்கு ஏதுங்க காடு, தோட்டம்? என் அப்பன் தோல் வேலைக்காரர். குன்னத்தூர்ப் பக்கம் எருதுகள் இழுத்துக் கிணற்று நீர் இறைத்த காலம் அது. நீர் மொள்ளும் பெரிய வாளியான சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி தொங்கும் தோல் குழாய்க்குத் "தும்பி" என்று பேர். அப்பன் வெளியிலிருந்து ஊசியைக் குத்த, குழாய்க்குள் தோள்வரை கைவிட்டு அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். தெருவில் வேறு எவன் கைக்கும் அந்த வேகம் கிடையாது.

தும்பி கிழிந்தால் பாசனம் நின்றுவிடும். எங்கள் தெருப்பக்கமே வராத தோட்டக்காரர் அன்றைக்கு மட்டும் வேலியோரம் வந்து கத்துவார்: "ஏன்டா, அங்க பயிரு வாடுது, உனக்கு மீசை முறுக்க நேரமிருக்குதா?"

"தச்சுட்டேதான் இருக்கறனுங்க சாமி. கெணறு எங்கீங்க ஓடிப் போயிரும்?" என்பார் அப்பன்.

தைத்ததை அப்பன் தரையில் வைத்து விலகுவார். தோட்டக்காரரின் ஆள் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பான். பிறகு அதே தும்பி வழியாகக் கொட்டும் தண்ணீரைத் தோட்டக்காரர் இரு கையாலும் அள்ளிக் குடிப்பார். அப்பன் என் விலாவில் இடித்து, "இப்ப மட்டும் இனிக்குது பாரு" என்பார்.

இதையெல்லாம் சொன்னேன். "லெதர் தொழில்னு போட்டுரலாங்களா மாமா? தோல்னா, நாளைக்கு உங்க பேத்தியைப் பொண்ணு பார்க்க வர்றவங்க படிப்பாங்க" என்றாள் மருமகள்.

"அந்தச் சொல்லுக்கு என்ன கண்ணு அர்த்தம்?"

தேடிப் பார்த்துச் சொன்னாள். மாட்டின் மேல் இருக்கும்வரை அதற்கு இங்கிலீஷில் வேறு பேராம். பதனிட்ட பிறகுதான் லெதராம். நம்மிடம் சரக்கெடுக்கும் ஜெர்மன்காரர் சொல்லும் "லேடர்" அதற்கு உடன்பிறப்பு, வேர் ரொம்பப் பழசு என்றாள். ஆக, சுண்ணாம்பும் பட்டையும் மனுசன் உழைப்பும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லே வருகிறது. வெள்ளைக்காரன் அந்த உழைப்புக்குத் தனிப்பேர் வைத்தான். இங்கே பாடுபட்டவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள்.

மோட்டார் வந்தது, தும்பி போனது. போகட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அப்பன் பெயரும், அவர் தோல் வேலைக்காரர் என்பதும், கூட உட்கார்ந்து தைத்தவன் நான் என்பதும் தமிழில் அந்தப் பக்கத்தின் முதல் வரியாக வரவேண்டும். வராதவரை என் போட்டோவை அதில் போட விடமாட்டேன்.