ஒப்பாரிக்குப் பின் ஒரு வாளி நீர்

புறவாசல் படியருகே நீர் நிறைந்த ஒரு பித்தளை வாளி. துக்க வீட்டிலிருந்து திரும்பும் என் மனைவி தலை முழுகாமல் உள்ளே வரமாட்டாள் என்பதால், அவள் போனதும் நான் நிரப்பி வைப்பேன். தொண்ணூறுகளின் முற்பாதியில், வண்ணார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் எந்தச் சாவுக்கும் அவள் போகாமல் இருந்ததில்லை.

‘ஒப்பாரி’யை நம்மில் பலர் ஏச்சாகவே அறிந்திருக்கிறோம், ஓயாமல் குறைசொல்பவரை ‘ஒப்பாரி வைக்காதே’ என்று அடக்குகிறோம். அதன் வேர் ‘ஒப்பு’ என்று கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் சொன்னேன். இறந்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் விளக்குக்கும் ஒப்பிட்டுப் பாடுவது. ‘ஒப்புச் சொல்லி அழுதாள்’ என்றே எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள்.

எங்கள் மகள் ஐந்து வயதில் காய்ச்சலில் போனபோது அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் எழவில்லை. படித்தவர் வீட்டில் ஓதுவார் பதிகம் பாடினால் போதும் என்றார் என் தகப்பனார். என் மனைவி பிறகு, பிறர் வீடுகளில்தான் அழுதாள். அது புதுமையன்று, தோள் பிணைத்து வட்டமாக அமரும் பெண்கள், முன்னே கிடக்கும் உடலைச் சாக்கிட்டுத் தத்தம் சாவுகளையும் அழுதுகொள்வது வழக்கம்தான்.

அடுத்த வீட்டுப் பெரியவர் இறந்த மறுவாரம், அவர் மகள் எங்கள் புறவாசலுக்கு வந்து நின்றாள்.

“மதினி, எங்கப்பாவுக்கு அழுதியளா, ஒங்க பிள்ளைக்கு அழுதியளா?”

“ரெண்டு பேருக்குந்தான் தாயி. அவளுக்கு வழி தெரியாதுல்லா? ஒங்கப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போவட்டும்னு சொன்னேன்.”

“எங்கப்பா நடைக்கு அவ ஓடணுமே.”

“ஓடுவா. நிக்க வச்சாத்தான் அழுவா.”

இருவரும் சிரித்தது உள்ளே எனக்குக் கேட்டது.

அந்தப் பத்தாண்டு முடியுமுன் என் மனைவியும் போனாள். என் தகப்பனார் அப்போது உயிரோடு இல்லை. ஓதுவார் பதிகத்தை முடித்ததும் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து இடம் விட்டேன். அடுத்த வீட்டுப் பெண் தலைமாட்டில் அமர்ந்து, தன் தகப்பனை அழைத்து இழுத்துப் பாடினாள்:

“என்னப் பெத்த அய்யா, பிள்ளையோட அம்மை வந்துட்டா, இனி நீங்க கையை விட்டுருங்க.”

ஆற்றங்கரையிலிருந்து திரும்பியபோது வாளி நிறைந்திருந்தது. யார் நிரப்பியது என்று நான் கேட்கவில்லை.

இப்போது துக்க வீட்டுக்குக் கிளம்புமுன் நானே நிரப்பி வைக்கிறேன். அங்கே ஆண்கள் தெருவில் நாற்காலிகளில் அமர்ந்திருப்போம். உள்ளே ஒப்புச் சொல்லும் குரல் கேட்கும். போகிறவரிடம் சொல்லியனுப்ப எனக்கும் செய்தி உண்டு. அதைப் பாட வராது. திரும்பிவந்து, அந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறேன்.