கிராணி வாலண்டைன் கேட்ட கேள்வி

மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த வாலண்டைனுக்கு ஒரு சொல் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. பேஷன் (passion). ஆளைப் பித்தாக்கும் காதலுக்கும் இங்கிலீஷ்காரன் அதைத்தான் சொல்கிறான். பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிக்கும் ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளுக்கும் அதையேதான் சொல்கிறான். ஏன்? இங்கிலீஷ் பேசினாலே ஜப்பான்காரன் கன்னத்தில் அறையும் காலத்தில் மனுஷனுக்கு இந்தக் கவலை!

“மரவள்ளிக்கிழங்குக்கே வழியக் காணோம், இவருக்குச் சொல்லுக்கு அர்த்தம் வேணுமாம்” என்று மனைவி செசிலியா இடிப்பாள்.

“ஃபாதர் வரட்டும் லா, கேட்டுடறேன்.”

அந்தப் பெரிய வெள்ளிக்கு ஃபாதர் வரவில்லை. வாலண்டைனே பாடுகளை வாசித்தார். முன்னால் ஆண்கள், பின்னால் முக்காடிட்ட பெண்கள். ‘உயிர் விட்டார்’ என்றதும் எல்லாரும் முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைப்பார்கள். வாசிப்பவர் மறுபடி குரல் கொடுக்கும்வரை நிமிர மாட்டார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

அந்நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றது. போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பான் சிப்பாய்கள். எல்லாரும் குனிந்திருப்பதைக் கண்டு, கும்பிட்டு முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றார்கள்.

வாலண்டைன் வாயைத் திறக்கவில்லை. பீடப் படியில் முழங்காலிட்டபடி, லாரிச் சத்தத்துக்குக் கண்ணை உயர்த்திய ஆண்களுக்குப் பக்கக் கதவை நோக்கி விரலை மட்டும் அசைத்தார். செசிலியா ஓரக்கண்ணால் பார்த்தாள். பெண்களின் முதுகுகளுக்கு அப்பால் ஆண்கள் ஒவ்வொருவராகத் தவழ்ந்து, ரப்பர் மரங்களுக்குள் மறைந்தார்கள். ‘நீங்களும் போங்களேன்’ என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் வாசலிலிருந்து தெரிகிற ஒரே ஆண் அவர்தான். அவர் நகர்ந்தால் குட்டு உடைந்துவிடும். கதவு அவருக்குக் கைக்கெட்டும் தூரம். அவர் செசிலியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி ஆளும் போன பிறகு எழுந்து, மீதியை வாசித்து முடித்தார். லாரியில் அவர் ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது.

மழைக்காலத்தில் ஃபாதர் சைக்கிளில் வந்து இறங்கினார். செசிலியா முதலில் கேட்டது அந்தச் சொல்லைத்தான். வாலண்டைன் திரும்பி வந்து கேட்டால் சொல்ல வேண்டுமே!

“லத்தீன்ல அதுக்குப் பாடுபடறது, தாங்கிக்கிறதுன்னு அர்த்தம்மா. ஆண்டவரோட பாடுகளுக்குத்தான் முதல்ல சொன்னாங்க. மனுஷனப் பிடிச்சு ஆட்டற ஆசைக்கும் பிறகு அதையே சொல்லிட்டாங்க. ரெண்டையும் நாமா தேடிக்கிறதில்ல பாரு, நம்ம மேல வந்து விழுது.”



“இல்ல ஃபாதர். அவர் மேல ஒண்ணும் வந்து விழல. கதவு தொறந்துதான் இருந்துச்சு.”