லேடி மெக்கானிக் உண்டா?

நான் வேலை பார்த்த முந்திரி ஆலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸை, மூடியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. முந்திரிக்கொட்டை உடைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. நாகர்கோவிலில் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு இலவசப் பயிற்சி நடக்கிறதென்று கேள்விப்பட்டு, என்னோடு கொட்டை உடைத்த ரோஸ்மேரிதான் இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டும்.

முதல் நாள் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார்கள். ஷாக் அடித்துவிடுமோ என்று நான் அதை மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

"தோல பொள்ள வைக்குத அண்டிப்பாலுக்கே அசராத கையி, இதுக்கா பயப்படுது? பிடிட்டி தங்கம்" என்றாள் ரோஸ்மேரி. வகுப்பே சிரித்தது. பயம் போய்விட்டது.

மூன்று மாதத்தில் சர்டிபிகேட் வந்தது. வேலை வரவில்லை. ஒரு சர்வீஸ் கடைக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார்: "வீடு வீடா ஏறி இறங்கணும். ஒங்களால ஒக்குமா அக்கா?"

ரோஸ்மேரி இறால் உரிக்கப் போய்விட்டாள். நான் மட்டும் அதே கடையில் ஹெல்ப்பராக ஒட்டிக்கொண்டேன். அண்டி ஆபீஸைவிடக் குறைந்த சம்பளம். கழற்றிப் போட்ட மோட்டார்களைச் சும்மா இருக்கும்போது டெஸ்ட் பண்ணிப் பழகினேன்.

ஒரு நாள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "மாப்பிள கல்ஃபுல இருக்காரு. வீட்டுல நானும் பிள்ளையளும் மட்டுந்தான். லேடி மெக்கானிக் யாராவது உண்டா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "போவியளா அக்கா?"

போனேன். மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை. டிரெயின் பம்பைக் கழற்றினால் உள்ளே குழந்தையின் சாக்ஸ். எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினேன். அந்தப் பெண் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டுலயும் ஒண்ணு ஓடாம கெடக்கு அக்கா. அவளுக்க மாப்பிளையும் கல்ஃபுலதான்" என்றாள்.

அதன் பிறகு என்னைக் கேட்டே போன் வந்தது. கடைக்காரர் மெக்கானிக் சம்பளம் போட்டார். ஒற்றை ஆளாய்ச் சமாளிக்க முடியாமல் போனபோது, இன்னொரு பெண் வேண்டுமென்றேன். ஆளைத் தேடி நேரே இறால் ஷெட்டுக்குப் போனேன்.

"படிச்சதெல்லாம் மறந்துபோச்சேட்டி!" என்றாள் ரோஸ்மேரி.

"எனக்க கூட வா. ஓர்ம வரும்."

இப்போது இருவருமே அண்டி ஆபீஸ் கூலியைவிட நன்றாகச் சம்பாதிக்கிறோம். புதிதாகப் பயிற்சிக்குச் சேரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: சர்டிபிகேட் வாங்கிய மறுநாளே சம்பளம் ஏறாது. எங்கேயாவது ஒரு கடையில் கை பழகிக்கொண்டே இருங்கள். உங்களைத் தேடுகிற வீடு ஒன்று இருக்கும். அது கூப்பிடும்போது வேலை மறந்திருக்கக் கூடாது.