பிரேக் மாஸ்டரின் வலது கால்

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லாருக்கும் அவர் "பிரேக் மாஸ்டர்." ஓட்டுபவரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பழகியவர். வீட்டில் டிவியில் கார் ஓடினாலும் தரையை மிதிப்பார். எங்களுக்குச் சிரித்து மாளாது.

அவர் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். தாவரவியலுக்கு மாற ஆசைப்பட்டாள். மாறினால் படிப்பு ஒரு வருடம் நீளும். "செடி கொடியப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று அண்ணன் முட்டுக்கட்டை போட்டார். இழுபறியிலேயே பாடம் மாற்றுவதற்கான கடைசி நாளும் வந்துவிட்டது. கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போகையில் அத்தையான என்னையும் கூட இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் நடுவில் பேச ஆள் வேண்டுமே.

ஆலோசகர் அம்மா கம்ப்யூட்டரில் அவளுடைய மதிப்பெண்களைத் திறந்தார். "மாறணும்னு முடிவு பண்ணிட்டியாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அண்ணனின் கால் மேசைக்கடியில் ஓங்கி மிதித்தது. அங்கே கிடந்தது பிளக் பெட்டி. கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்தது.

"ஐயோ மேடம், பழக்கதோஷம்…" என்று அசடு வழிந்தார். எனக்கு மானமே போனது.

கம்ப்யூட்டர் மறுபடி எழும்வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் படிப்புல அப்படி என்னதான் இருக்கு?" இத்தனை நாள் சண்டையில் அவர் கேட்காத ஒரே கேள்வி அதுதான்.

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல எப்ப மணியடிக்கும்னு உக்காந்திருக்கேன்ப்பா. தோழியோட செடி லேபுக்குப் போனப்ப, மணியடிச்சதே காதுல விழல. ஒரு இலைல நோய் வந்திருந்தா அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கம் வராது."

அண்ணன் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்கு அதிசயம்.

திரை எழுந்தது. "மாத்திடலாமா சார்?" என்று ஆலோசகர் அவரைக் கேட்டார். மகளும் அவர் முகத்தையே பார்த்தாள்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு, அந்த நாற்காலியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"படிக்கப் போறது அவ. அவளையே கேளுங்க மேடம். ஒரு வருஷம் கூட ஆனா ஆகட்டும், நான் இருக்கேன்."

"மாத்திடுங்க மேடம்," என்றாள் என் மருமகள். யாரை நினைத்து அதிகம் பெருமைப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் அசையவில்லை. வலது கால் கட்டைவிரலை மட்டும் கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.