ஊட்டுல

எங்கள் பக்கத்து ஆண்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். "ஊட்டுல" என்பார்கள். ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க, ஊட்டுல ஒடம்பு சரியில்லீங்க. வீட்டில் என்ற சொல்தான் மனைவி. அறுபதுகளில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை, நானும்தான்.

அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலை விட்டால் வாசகசாலையே கதியென்று கிடப்பார். அந்த வருஷம் அவருக்குச் சீனத்து ஞானிகள் மேல் பித்து. சோமனூரில் விசைத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, கிழிந்த காதோடு வந்து, இனி அங்கே போகமாட்டேன், கம்பெனியில் பனியன் மடித்தாவது பிழைத்துக்கொள்கிறேன் என்று அழுதாள். அப்பா அந்த ஞானிகளைத்தான் துணைக்குக் கூப்பிட்டார்.

துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தரையில் ஒரு கூரை வரைந்தார். அதற்குக் கீழே பெண்ணைக் குறிக்கும் சீன எழுத்து. இரண்டும் சேர்ந்தால் அமைதி என்று பொருளாம். பெண்ணானவள் முதலில் அப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், அவனும் போனால் மகனுக்கும் அடங்கி நடக்கவேண்டும் என்று அங்கேயும் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். உலகம் முழுக்க ஒரே நியாயம்தான் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கூரைக்குள்ள அடி வாங்குனா, அதுக்கு என்ன எழுத்துங்கப்பா?"

அப்பா அடுத்த ஞானிக்குத் தாவினார். பெண்மையை உயர்த்திப் பேசிய இன்னொரு ஞானியும் அங்கே உண்டு என்றார். தண்ணீர் தாழ்ந்துதான் போகும், ஆனால் கல்லையே கரைக்கும். நீயும் பணிந்து போனால் மாப்பிள்ளை மாறிவிடுவார் என்றார். தாழ்த்திச் சொன்னவர் பேச்சைக் கேட்டாலும் உயர்த்திச் சொன்னவர் பேச்சைக் கேட்டாலும் அக்கா திரும்பிப் போகத்தான் வேண்டியிருந்தது. மறுநாள் காலை அப்பாவே பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தார்.

ஆடி முடிவதற்குள் அக்காவின் கணவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க ஈரம்.

"ஊட்டுல கெணத்துல உழுந்துட்டாங்க, மாமா."

பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சிலேயே வளர்ந்த அப்பாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அந்த வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

"ஆருங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார்.