சிரித்துவிட்டுப் புகார் எழுதிய ஹெட்டி

யூதர்களைக் கேலி செய்யும் நகைச்சுவைக்காரர்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மேடையேறினால், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கென்றே யூத ஜெபக்கூடத்தார் ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. யாருக்கும் மனசு ஆறவில்லை. கமிட்டி என்றால் பெரிய கூட்டமில்லை. கண்ணாடிக் கடை பெர்ல்மட்டர், தையல் ஃபாக்டரியில் காஜா எடுக்கும் ஹெட்டி லுபெல்ஸ்கி. அவ்வளவுதான்.

திங்கட்கிழமையானால் இருவரும் மார்க்கெட் பக்கத்துக் கொட்டகைக்குப் போவார்கள். பெர்ல்மட்டர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பார். ஹெட்டியின் பாடுதான் திண்டாட்டம். அவளுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு அது.

"அந்த ஆள் பேசினது அவமானமா இல்லையா, மிசஸ் லுபெல்ஸ்கி?" என்பார் பெர்ல்மட்டர், டிராமில் திரும்பும்போது.

"அவமானந்தான்."

"அப்புறம் ஏன் அப்படிச் சிரிச்சீங்க?"

"சிரிப்பாவும் இருந்துச்சே, நான் என்ன பண்றது?"

ஆனால் கொட்டகைக்கு எழுதும் புகாரில் குறை வைக்க மாட்டாள். எந்தப் பேச்சு கூடாது, எது போனால் போகிறது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். கொட்டகை மானேஜர்கள் அவள் எழுத்தைக் கண்டாலே பெருமூச்சு விட்டார்கள்.

வீட்டிலும் அவளுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. புருஷன் நாட், பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கிறவன். வாய் ஓயாத ஆள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவன் மாமியார் கதையை எடுத்தால் மேஜையே குலுங்கும். உண்மையில் நடந்ததுதான். ஹெட்டியின் அம்மா மால்கா குடியிருந்த மாடியில் திரைச்சீலை தீப்பிடித்துக்கொண்டது. தீயணைப்புக்காரன் ஏணி வைத்து ஜன்னல் வழியாக உள்ளே குதித்தான். நாட் அப்போது மாமியாரின் குரலுக்கு மாறுவான்: "இவ்வளவு உசரம் ஏறி வந்திருக்கியே ராசா, சாப்பிட்டியா? உக்காரு. வீடே எரியுது, சூப்பு சூடாத்தான் இருக்கும்!"

மால்கா இருந்தவரை அவளே குறுக்கே விழுவாள். "பொய் சொல்றான். நான் ரெண்டு தட்டு குடுத்தேன்."

அவள் காலமான மறுவருஷம், கிளிஃப் ஹார்டேக்கர் என்றொருவன் அந்தக் கொட்டகைக்கு வந்தான். யூதன் இல்லை, சுரங்கத் தொழிலாளி மகன். மேடையில் மட்டும் யூத வேஷம்: ஒட்டு மூக்கு, கறுப்புத் தொப்பி, கைகளைத் தேய்க்கிற தேய்ப்பு. ஹெட்டி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவன் ஆரம்பித்தான்: ஒரு யூதக் கிழவி, தீப்பிடித்த வீடு, ஏணியில் ஏறி வந்தவன்.

"அவசரப்படாத தம்பி! அந்த பீரோ இன்னும் தீப்பிடிக்கல. இன்சூரன்ஸ்காரன் வர்றதுக்குள்ள அதுவும் எரியட்டும்!"

கொட்டகை அதிர்ந்தது. ஹெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஏதோ செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், பெர்ல்மட்டர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்! ஹெட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இடைவேளையில் நேராக ஒப்பனை அறைக்குப் போனாள். கண்ணைத் துடைத்தபடி பெர்ல்மட்டர் பின்னாலேயே வந்தார்.

"அந்தக் கதை எங்கேருந்து கிடைச்சுது?"

கிளிஃப் பாதி பிய்த்த மூக்கோடு எழுந்து நின்றான். "உங்காளு ஒருத்தர்தான் சொன்னாரு, கண்ணு. என் கால்சட்டையப் பிடிச்சுத் தைக்கிற நாட்."

"அதுல இன்சூரன்ஸ் இருந்துச்சா?"

"இல்ல, சூப்புதான். சூப்புக்கு எங்க சுரங்க ஊரு பார்ன்ஸ்லியில எவன் சிரிப்பான்?"

"அது எங்கம்மா."

கிளிஃப் மூக்கை முழுசாகக் கழற்றி மேஜையில் வைத்தான். "அவங்க... இருக்காங்களா?"

"போன வருஷம் போயிட்டா. இன்சூரன்ஸே இல்லாத வீடு அது."

வீட்டுக்கு வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவ வித்துட்டியா?"

"விக்கல ஹெட்டி! குண்டூசிய வாயில வச்சுக்கிட்டே சும்மா சொன்னேன். அவன் சிரிச்சான். யாராவது சிரிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அந்த வெள்ளிக்கிழமை எல்லோர் தட்டிலும் கோழி சூப் விழுந்தது. நாட்டின் தட்டு காலி.

"எனக்கு?"

"வீடு எரியட்டும், தர்றேன்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

வசந்தத்தில் கிளிஃப் மறுபடியும் லீட்ஸுக்கு வந்தான். நாட்டிடமே மூவருக்கும் டிக்கெட் கொடுத்தனுப்பினான். மூக்கும் தொப்பியும் மாறவில்லை. ஆனால் இந்தத் தடவை கிழவி சூப்பைத்தான் நீட்டினாள். கீழே ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேல்மாடத்திலிருந்து ஒரு பெண் வீறிட்டாள்: "எங்கம்மாவும் இப்படித்தான்டி!" அங்கிருந்து சிரிப்பு படி இறங்கி வருவது போல மெதுவாக வந்தது. அது கீழே வந்து சேரும்வரை பொறுக்கக் கிளிஃபுக்குத் தைரியம் போதவில்லை. சட்டென்று பீரோவையும் இன்சூரன்ஸையும் எடுத்து ஒட்டினான். அதற்குத்தான் சிரிப்பில் கூரை பறந்தது.

ஹெட்டி சூப்புக்குச் சிரித்தாள், பீரோவுக்கு வாயை மூடிக்கொண்டாள். பெர்ல்மட்டர் இரண்டுக்கும் சிரித்தார், கைக்குட்டையும் எடுக்கவில்லை. புகாரில் என்ன எழுதுவது என்று டிராமில் நாட்டை நடுவில் வைத்துக்கொண்டு இருவருக்கும் வாக்குவாதம். "பாதி அவமானம்னு எழுதறேன்" என்றாள் ஹெட்டி. "அப்படி ஒரு அவமானம் கிடையாது" என்றார் அவர். கடைசியில் புகாரே போகவில்லை.

சில வருஷத்தில் கமிட்டி தானாகவே கலைந்தது. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டது. ஜெபக்கூடத்தாருக்கு வேறு கவலைகள். ஆனாலும் திங்கட்கிழமைப் பழக்கம் விடவில்லை. சொந்தச் செலவில், நாட்டையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராகப் போனார்கள். மேடைக்காரன் வாயைத் திறக்குமுன் நாட் கதையின் முடிவைச் சொல்லிவிடுவான். பெர்ல்மட்டர் "உஷ்" என்பார். யாரும் சிரிக்காத இடத்தில் ஹெட்டி சிரிப்பாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாலைகள் இருந்ததாக அவள் சொன்னதில்லை.

பெர்ல்மட்டர் இறந்த பிறகுதான் கொட்டகையை இடித்தார்கள். நாட் வேடிக்கை பார்க்கப் போய், "எவ்வளவு பெரிய பள்ளம்!" என்று வியந்துகொண்டு வந்தான். ஹெட்டி போகவில்லை. அந்த வாரம் அவனை இழுத்துக்கொண்டு பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டில் ஒரு புதுப் பையனின் நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனாள். படு மோசம். இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார்கள்.